குடிக்க உகந்தது

நகராட்சியின் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவளை ஊரில் பாதிப் பேர் தண்ணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்பவர்கள் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். "விஷம் கிஷம் கலந்துட்டேனான்னு பாக்குறியா?" என்று அவள் கணவனே கேட்டிருக்கிறான்.

அந்த ஊருக்குத் தண்ணீர் ஐந்து இடங்களிலிருந்து வந்தது. ஆற்றுத் தண்ணீர் வடிகட்டப்பட்டுக் குழாய் வழியாகப் பெரும்பாலான வீடுகளுக்குப் போனது. ஏரித் தண்ணீர் துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட, தோட்டங்களுக்குப் பாய்ச்ச. கல்குவாரிப் பக்கம் ஒரு பெரிய கிணறு. செங்கல் சூளைத் தெருவில் ஓர் ஆழ்குழாய். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேக அடம்பிடிக்கும், டீயின் மேல் ஏதோ ஆடை மாதிரி மிதக்கும். அதைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் சூளைத் தெருக்காரர்கள் மலையடிவாரத்து ஊற்றுக்குப் போய்க் குடம் குடமாய்த் தூக்கிவந்தார்கள். ஊற்றைச் சுற்றியிருந்த நாற்பது வீடுகளுக்கும் அதுதான் குடிநீர். அதில் ஒரு வீடு அவளுடைய அக்காவின் வீடு.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்த ஐந்து இடங்களின் தண்ணீரும் ஐந்து பாட்டில்களில், ஐஸ் பெட்டிக்குள் அவள் மேஜைக்கு வந்து சேரும். கொண்டுவருபவர் ஜீப்பண்ணன். அலுவலக ஜீப்பை ஓட்டுபவர் என்பதால் அந்தப் பெயர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கண்ணாடிக் குடுவை ஒன்றை உடைத்துவிட்டு அழுகிற மாதிரி நின்றபோது, "நான்தான் கை தட்டி உடைச்சேன் சார்" என்று முன்னால் போய் நின்றவர். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன், அவள் அவருக்குத் தங்கச்சி. பதினோரு வருஷம் மதியச் சாப்பாட்டை ஒரே மேஜையில் பிரித்தார்கள்.

சோதனை செய்யும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அவளும் ஒவ்வொன்றாய்ச் சொல்வாள். "இந்தச் சிவப்பு நீலமா மாற எத்தனை சொட்டு ஆகுதுன்னு பாருங்கண்ணே. ஆழ்குழாய்க்கு நிறைய ஆகும், சுண்ணாம்பு ஜாஸ்தி. ஊத்துத் தண்ணி பாருங்க, நாலு சொட்டுல மாறிடும். மழைத் தண்ணி மாதிரி மெது." அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பேசப் பிடிக்காது?

ஆய்வுக்கூடத்தை விட்டு நகர அவளுக்கு நேரம் இருந்ததில்லை. ஊற்றை அவள் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை பார்த்ததோடு சரி. அக்காவும் பெரும்பாலும் இவள் வீட்டுக்குத்தான் வருவாள். இவள் அங்கே போனாலும் வாசலோடு திரும்பிவிடுவாள். அதனால் திங்கட்கிழமைகளில் ஜீப்பண்ணனிடம் விசாரிப்பாள்.

"ஊத்து எப்படியிருக்கு?"

"ஜம்முன்னு இருக்கு. தண்ணி கொட்டுற அந்தக் கல்லு வாய்க்குப் பக்கத்துல ஒரு தவளை குடிவந்திருக்கு. நான் பாட்டிலை நீட்டுனா நகர மாட்டேங்குது. எங்க வீட்டுல தண்ணி புடிக்க நீ யாருய்யாங்கிற மாதிரி முறைக்குது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரம், "தவளை சௌக்கியமா?" என்று கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். தவளைக்குக் கல்யாணம் ஆனது, சம்சாரத்தோடு சண்டை வந்தது, ஒரு மழைக்காலம் முழுக்கக் காணாமல்போய்த் திரும்பி வந்தது. எந்த ஊற்று, எந்தக் கல் என்று சொல்லாமல், வெறும் தவளைக் கதையாக இதை அவள் அக்காவின் மகளுக்கும் சொல்லியிருந்தாள்.

சோதனை முடிவு நன்றாக இருந்தால், ஊற்றின் அருகே இருக்கும் தகரப் பலகையில் 'குடிக்க உகந்தது' என்று எழுதி, கீழே அவள் கையெழுத்துப் போட்ட தாளை ஒட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தாள். அதுவும் ஜீப்பண்ணனின் வேலை.

"தண்ணியைக் காய்ச்சணுமாடி?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். அக்கா தையல்காரி, நாள் முழுக்க மெஷினில் உட்கார்பவளுக்கு அடுப்பில் தண்ணீர் காய்ச்சி ஆறவைப்பது கூடுதல் வேலை.

"எதுக்கு? வாராவாரம் நான் பாக்குறேன்ல. இந்த ஊர்லயே உன் வீட்டுத் தண்ணிதான் நல்ல தண்ணி. கண்ணை மூடிக்கிட்டு குடி."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்காவின் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. நாலு நாளா சாப்பாடு இறங்கல. ஜுரம்னு நெனச்சோம்."

அவள் ஓடினாள். ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிலும், எதிர்க் கட்டிலிலும் அதே தெருக்காரர்கள். மொத்தம் பதினொரு பேர். டாக்டர் அவளைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க என்ன தண்ணி குடிக்கிறாங்க?"

"ஊத்துத் தண்ணி. அது சுத்தமான தண்ணி டாக்டர். நேத்துக்கூட வந்துச்சு, பார்த்தேன்."

"எதுக்கும் இன்னொரு தடவை பாருங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் அவளே பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஜீப்பண்ணனை ஏன் கூப்பிடவில்லை என்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சந்தேகம் எல்லாம் இல்லை. அவர் அன்று ஆற்றங்கரையில் பம்ப் பழுதென்று போயிருந்தார், அவ்வளவுதான்.

ஊற்றை அவளால் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. கல் வாய் இருந்த இடத்தில் சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் குழாய் நீண்டிருந்தது. துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"இங்க ஒரு கல்லு இருக்கும்ல? அதுலேர்ந்து தண்ணி வரும்."

"அது இடிஞ்சு மூணு வருஷம் இருக்கும். நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இந்தத் தொட்டியைக் கட்டுனோம்."

"வாராவாரம் ஜீப்புல ஒருத்தர் வந்து தண்ணி புடிச்சுட்டுப் போவாரே?"

அந்தப் பெண் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். "ஜீப்பா? எந்த ஜீப்பு? ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒரு ஆளு பைக்குல வருவாரு. அந்தப் பலகையில தாளை ஒட்டிட்டு, வண்டியை ஆஃப் பண்ணாமலேயே போயிடுவாரு."

பலகை சாலையோரத்தில் இருந்தது. தாளில் அவள் கையெழுத்து, மழையில் கொஞ்சம் கரைந்து. ஊற்று அங்கிருந்து நூறு அடி மேலே. நிமிர்ந்து பார்த்தாள். ஊற்றுக்கும் மேலே, சரிவில், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு புது வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கழிவுத் தொட்டி. ஒன்றின் மூடி உடைந்து, கறுப்பாய் ஒரு கசிவு பாறையிடுக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் நிரப்ப மேலே ஏறி வந்த யார் கண்ணிலும் அது பட்டிருக்கும். படாமல் போகாது.

"இந்தத் தண்ணியை யாரும் குடிக்காதீங்க. எல்லார் வீட்லயும் சொல்லுங்க, இப்பவே" என்றாள். பலகையில் இருந்த தாளை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். முழுதாக வரவில்லை.

திரும்பி வந்து, திங்கட்கிழமை ஜீப்பண்ணன் கொடுத்த பாட்டிலில் மிச்சம் இருந்ததையும், தான் கொண்டுவந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவருடைய தண்ணீரில் நாலு சொட்டில் சிவப்பு நீலமானது. அவளுடையதில், சிமெண்டும் கழிவும் கரைந்ததாலோ என்னவோ, இருபத்தாறு சொட்டு ஆனது. கிருமிச் சோதனைக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குக் காத்திருக்கவே தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பாட்டிலிலும் ஒரே பெயர் ஒட்டியிருந்தது. தண்ணீர் இரண்டும் வேறு வேறு.

ஜீப்பண்ணன் கொட்டகையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தவளை சௌக்கியமாண்ணே?" என்றாள்.

"அதுக்கென்ன, ராஜா மாதிரி கல்லு மேல..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். குழாயை மூடினார். நனைந்த கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கல்லு இடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு."

அவர் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"எந்தத் தண்ணி அது? இவ்வளவு நாளா எதைக் கொண்டுவந்து குடுத்தீங்க?"

"ஒரு மழையில பாலம் அடைச்சுட்டாங்க தங்கச்சி. நாலு வருஷம் முன்னாடி. போக முடியல. வெறும் பாட்டிலோட எப்படி வர்றதுன்னு வீட்டுல மழைத்தொட்டியில புடிச்சேன். நல்லாயிருக்குன்னு எழுதுன. அடுத்த வாரம் பாலம் திறந்துட்டாங்க. ஆனா அவ்வளவு தூரம் எதுக்குன்னு தோணிச்சு. எப்பவும் நல்லாத்தானே வருது. தாளை மட்டும் என் பைக்குல போய் ஒட்டிட்டு வந்துடுவேன்."

"மத்ததெல்லாம்?"

"ஆறும் ஏரியும் நெசம். வழியிலதானே இருக்கு. கிணத்துக்கு எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி. ஆழ்குழாய்க்கு அதுலயே ஒரு சிட்டிகை சுண்ணாம்பு, கொஞ்சம் உப்பு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எவ்வளவு போடணும்னு உன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் காலுக்குக் கீழே சோப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் செருப்பு நனைவதைப் பார்த்து, அவர் பழக்கதோஷத்தில், "தள்ளி நில்லும்மா, வழுக்கும்" என்றார். அந்த வார்த்தைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்த நேரத்துல எங்க போனீங்க?"

"எங்கயும் இல்ல. வீட்டுல படுத்திருப்பேன்."

ஏதாவது ஒரு பெரிய காரணம் இருக்கும் என்று அவள் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தாள். வியாதி, கஷ்டம், யாராவது மிரட்டினார்கள் என்று ஏதாவது. நாலு வருஷத் திங்கட்கிழமைகளும் ஒரு மனிதனின் குட்டித் தூக்கத்துக்குப் போயிருந்தன.

"எங்கக்கா ஆஸ்பத்திரியில கிடக்கா" என்றாள். "பதினொரு பேரு."

அவருக்கு அது தெரியாது. முகம் சுண்டிப்போனது. பிறகு அவர் சொன்னது இதுதான். "ரெண்டு வருஷத்துல நான் ரிட்டயர் ஆயிடுவேன். யாருக்கும் தெரிய வேண்டாம் தங்கச்சி. இனிமே நான் ஒழுங்கா போறேன்."

வெள்ளிக்கிழமை காலை சோதனைக் குழாய்களில் கிருமி வளர்ந்து நுரைத்திருந்தது. அதிகாரியிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவான குரலில் பேசினார். "பாட்டில் மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க. ஏன் சொல்றேன்னா, அவர் எங்கயும் கையெழுத்துப் போடல. எல்லாத்துலயும் இருக்கறது உங்க கையெழுத்து."

"அதனாலதான் சார் மாத்தி எழுத முடியாது."

அவள் எழுதினாள். மூன்று இடங்களிலிருந்து நாலு வருஷமாகத் தண்ணீர் எடுக்கப்படவில்லை. எடுத்ததாகச் சொல்லப்பட்டதை ஒரு தடவைகூட நேரில் போய்ச் சரிபார்க்காமல் தான் கையெழுத்திட்டதாகவும் எழுதினாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அதை அடித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள் என்பதும் உண்மை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஜீப்பண்ணன் மேல் கோபம் ஏறியது. "என்னை எப்படி ஏமாத்திட்டான் பாத்தியாக்கா? கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன்" என்று அழுதாள்.

அக்கா தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள். கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

"அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள் கடைசியில். "நீ சொன்ன. நான் குடிச்சேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜீப்பண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரித்து, பிறகு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேட்டு வீடுகளின் தொட்டிகளைச் சரிசெய்து, ஊற்றுத் தொட்டியைக் கழுவி மருந்து போட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் திறந்தார்கள். பதினொரு பேரும் பிழைத்தார்கள். அக்கா மறுபடி மெஷினில் உட்கார இரண்டு மாதம் ஆனது. இப்போது திங்கட்கிழமைகளில் புது டிரைவரோடு அவளும் ஜீப்பில் போகிறாள். அவன் நல்ல பையன், வாயாடி. அவன் ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பாவம், அவனுக்குக் காரணம் புரியாது.

ஒருநாள் மதியம் அலுவலக வாசலில் ஜீப்பண்ணன் நின்றிருந்தார். ஆள் இளைத்திருந்தார். "ஒரு வார்த்தை பேசு தங்கச்சி" என்றார்.

"முதல் நாள் குடுவையை உடைச்சது நான். நீங்க உடைச்சேன்னு சொன்னீங்க. ஏன் சொன்னீங்க?"

"நீ அழுதுடுவேன்னு தோணிச்சு. வேற என்ன?"

அதை அவள் நம்பினாள். நம்பியதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அவர் அப்போதும் எவ்வளவு சுலபமாய், கண் சிமிட்டாமல் பொய் சொன்னார் என்பதும், அது தனக்காகச் சொன்ன பொய் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. திரும்பி உள்ளே போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

அக்கா ஐந்து மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். பிறகு ஒரு சனிக்கிழமை அவளே போன் செய்தாள்.

"நாளைக்கு சாப்பிட வா. தண்ணியெல்லாம் காய்ச்சித்தான் வச்சிருக்கேன், பயப்படாம வா."

அது கிண்டலா, குத்தலா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டாள்.