துர்கா பறித்த களை

திருத்தணிக்குப் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் துர்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அவள் களை எடுத்த வயலில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். நெல்லுக்கு நடுவே, நெல்லைப் போலவே இலை விட்டு, நெல்லைப் போலவே தூர் கட்டி நிற்கும் ஒரு புல் உண்டு. கதிர் வரும்வரைக்கும் வயல்காரனே ஏமாந்து அதற்கும் சேர்த்து உரம் போட்டுக்கொண்டிருப்பான். துர்கா வரப்பில் நின்றபடியே அதைக் கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கர்வப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறு என்ன வாய்த்தது?

அந்தக் கண்டிகைக்கு ஒருநாள் அசோக்குமார் வந்தார். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர். பழவேற்காட்டுப் பக்கம் ஏரியோரக் குப்பம் ஒன்றில் அலையாத்திக் கன்று நட வேண்டும், புயலடித்தால் தண்ணீர் ஊருக்குள் வராமல் அந்த மரங்கள் தடுக்கும், சேற்றில் நின்று பழகிய ஆட்கள் வேண்டும் என்றார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திருத்தணி மலையில் காவடி தூக்கச் சொன்னால் தூக்குவார்கள். கடல் பக்கம் போய்ப் பழக்கமில்லை. துர்கா மட்டும் எந்தக் குப்பம் என்று கேட்டாள். பெயரைக் கேட்டதும், மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

அது அவளுடைய தங்கை அனிதா வாழ்க்கைப்பட்ட குப்பம். கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் ஜெயப்பிரகாஷ் என்ற மீனவர் வீட்டுப் பையனை அனிதா கட்டிக்கொண்டாள். திருத்தணி மலையில்தான் தாலி கட்டினார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் வீட்டிலிருந்து ஒருவரும் படியேறவில்லை. தனக்கு இனி ஒரே மகள்தான் என்று, மகள்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா ராஜவேலு சொன்னபோது, அந்த ஒரே மகள் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு புயல் நாளில் அனிதா போன் செய்தாள். எதிரே நைனா உட்கார்ந்திருந்ததால் துர்கா பேசாமல் கட் செய்துவிட்டாள். அதோடு சரி, அனிதா கூப்பிடவே இல்லை. தங்கை தன்னோடு மறுபடியும் ஒரு வார்த்தை பேச வேண்டும், அதற்குத்தான் துர்கா வேனில் ஏறினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குப்பத்தில் தண்ணீரைப் பார்த்தபடி இருந்த முதல் வீடே அனிதாவின் வீடு. துர்காவைக் கண்டதும் அனிதா நின்றாள், மேலும் கீழும் பார்த்தாள், குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். பேசாவிட்டால் போகட்டும், அவள் வீட்டு வாசலைக் காக்கிற செடியை நாமே நட்டுவிட்டுப் போவோம் என்று துர்கா அந்த வீட்டுக்கு நேர் எதிரே இருந்த சேற்று நிலத்தைத் தன் பங்காக வாங்கிக்கொண்டாள்.

அந்த இடத்தைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டியிருந்தது. வலைக்குள் இடைவெளி பார்த்து நடுங்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பது எதையும் தொடாதீர்கள் என்று அசோக்குமார் துர்காவிடம் தனியாக விளக்கிக்கொண்டிருந்தபோது, அவள் கண் அனிதா வீட்டுக் கதவின் மேல் இருந்தது. காதில் பாதிதான் விழுந்தது. தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்குவதும் ஏறும்போது கரையேறுவதுமாக ஒரு வாரம் போனது. பையில் வளர்த்த கன்றுகள் கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நின்றன. அடுத்த கரைக்குக் கன்று ஏற்றிவர அசோக்குமார் கிளம்பிப் போனார். மத்தியானம் வேன் வந்தால் பெண்களும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று துர்கா காலையில் இறங்கினாள். வரிசைக்கு நடுவே, நடுகிற அவசரத்தில் விட்டுவைத்திருந்த சின்னச் சின்னச் செடிகள் தாறுமாறாக நின்றன. சில இரண்டு இலை விட்டிருந்தன, சில முழங்கால் உயரம் வந்திருந்தன. இலையும் தண்டும் அப்படியே நட்ட கன்றைப் போலத்தான். இதெல்லாம் களை, பிடுங்கிவிடுவோம் என்றாள். கூட வந்த பத்மாவுக்குச் சந்தேகம் வந்தது. இதுவும் அதே செடி மாதிரிதானே இருக்கிறது என்று கேட்டாள்.

"அதே மாதிரி கீறதுனாலதான் சொல்றேன். நெல்லு மாதிரியே நிக்கலியா நம்மூரு புல்லு? நட்டது வரிசையில நிக்கும். வரிசையில நிக்காதது களை" என்றாள் துர்கா.

அதற்குமேல் யார் பேசுவது? ஈசானி மூலையில் ஆரம்பித்து எல்லாரும் குனிந்தார்கள். கைக்கு இடைஞ்சலாக இருந்த வலையைச் சுருட்டி ஓரமாகப் போட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. பிடுங்கியதெல்லாம் கரையில் குவியலாகக் கிடந்தது. நிலம் கழுவிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. அனிதா மீன் விற்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து பார்க்கட்டும் என்று துர்கா கைகூடக் கழுவாமல் காத்திருந்தாள்.

அனிதா வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். குவியலைப் பார்த்தாள், சுருட்டிக் கிடந்த வலையைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு புடுங்குனது?"

அந்த வார்த்தைக்குத்தான் துர்கா இவ்வளவு தூரம் வந்திருந்தாள். ஆனால் அனிதாவின் முகத்தைப் பார்த்ததும் சேற்றுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள்.

அனிதா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அந்தப் புயலுக்குப் பிறகு தண்ணீரில் மிதந்து வந்த விதைகள் தாமாக ஊன்றி முளைத்தவை இவை என்றாள். ஆடு மேயாமல் இருக்க அவளும் ஜெயப்பிரகாஷும் வலை கட்டினார்கள், வலை கிழியக் கிழியத் தைத்தார்கள். இரண்டு மழைக்குத் தாக்குப்பிடித்து நின்றவை. கொண்டுவந்து நட்டதில் எத்தனை பிழைக்கும் என்று அசோக்குமாராலேயே சொல்ல முடியாது, தானாக வந்ததுதான் நிலைக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அடுத்த வீட்டுக்காரர் சங்கதி போலச் சொல்லிக்கொண்டே, வேர் அறாத செடிகளை அனிதா ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஈரச் சாக்கில் வைத்தாள்.

துர்கா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அன்றைக்குப் போனை வைத்ததற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தாள்.

"நைனா பக்கத்துல இருந்தாரு, அனிதா."

"எனுக்கு இடுப்பளவு தண்ணி பக்கத்துல இருந்துச்சு."

துர்கா குவியலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தானும் பொறுக்கினாள். பாதிக்குமேல் வேர் அறுந்து போயிருந்தது. அவ்வளவு வேகமாகப் பிடுங்குகிற கை அது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று அவளுக்கு இருந்தது. தண்ணீர் ஏறுவதற்குள் இருவரும் இறங்கி, பெயர்ந்த குழியிலேயே ஒவ்வொன்றாக மறுபடி ஊன்ற ஆரம்பித்தார்கள். பிழைக்குமா என்று துர்கா கேட்கவில்லை. கேட்டாலும் அனிதாவுக்குத் தெரிந்திருக்காது.

வேன் வந்து ஹாரன் அடித்தது. பெண்கள் மூட்டைகளோடு ஏறிவிட்டார்கள். பத்மா கரையோரம் வந்து கூப்பிட்டாள். துர்கா நிமிராமலே நீங்கள் போங்கள் என்றாள். நைனா கேட்டால் என்ன சொல்வது என்று பத்மா தயங்கினாள். துர்கா எழுந்து நின்றாள். வேனில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அனிதா வூட்ல கீறேன்னு சொல்லு."

பத்மா வேனை நோக்கி நடந்தாள். அந்தச் செய்தி கண்டிகைக்குப் போய்ச் சேரும்போது ராஜவேலு என்ன ஆட்டம் ஆடுவார் என்று துர்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"நான் இன்னும் கூப்புடலியே" என்றாள் அனிதா, சேற்றிலிருந்து கையை எடுக்காமல்.

"ஆங். கூப்புட வேணாம். இதுங்க வேர் புடிக்கறவரிக்கும் கரையிலயே படுத்துக்கினு இருக்கேன்."

அனிதா சாக்கை இழுத்துத் துர்காவுக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது கடைசிச் செடியும் மண்ணுக்குள் போயிருந்தது. சுருட்டிக் கிடந்த வலையை இருவருமாக இழுத்துக் கட்டினார்கள்.

தோணியிலிருந்து இறங்கி வந்த ஜெயப்பிரகாஷ், வீட்டுக்கு எதிரே யாரோடு நின்றுகொண்டிருக்கிறாய் என்று தூரத்திலிருந்தே கேட்டான். வந்த நாளாகத் துர்காவைத் தினமும் பார்த்தவன்தான். யாரென்று இதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அனிதா புடவையை உதறிக்கொண்டு கரையேறினாள்.

"திருத்தணியிலருந்து எங்க அக்கா வந்துக்குது. ஒலையில அரிசி சேத்துப் போடு."