ஆள் வருமுன் கூட்டிய வீடு

மையத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு: 'நம்மவருக்கு நம்மவர்.' அதன் கீழே சிரித்த முகத்துடன் ஒரு குடும்பத்தின் படம். அந்தக் குடும்பம் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கி ஒட்டியது. அப்பா நம்மவர் என்பதில் சந்தேகமில்லை. அம்மாவைப் பற்றித்தான் இரண்டு கருத்து இருந்தது.

துணி வெளுக்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது மையம். கீழே இயந்திரங்கள் சுற்றும்போது மேலே இயக்குநரின் மேசையில் டீக் கோப்பை தானாக நகரும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பேசுவதற்கு அவர் பழகியிருந்தார். பேச்சு எப்போதும் ஒன்றுதான். மருந்து மாத்திரையை எந்த ஆஸ்பத்திரியும் கொடுக்கும். ஆனால் நம் ஜனங்களின் மனசு, கூச்சம், அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி, இதெல்லாம் புரிந்து உதவி செய்ய நம்மவரால்தான் முடியும். இந்தத் திறமைக்குப் 'பண்பாட்டுத் தேர்ச்சி' என்று பெயர் வைத்திருந்தார். தேர்ச்சி என்றால் பரீட்சை வேண்டுமே. அவரே கேள்வி தயாரித்து, அவரே எழுதி, அவரே திருத்தி, முதல் வகுப்பில் தேறி, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சிக்கலே அதுதான்.

உடம்புக்கு முடியாதவர்களின் வீட்டுக்குப் போய்க் கூட்டித் துடைத்து, பாத்திரம் தேய்த்து, துணி மடித்துவைக்கும் பெண்ணுக்கு மையம் கொடுத்திருந்த பதவி 'பண்பாட்டு நல இணைப்பாளர்'. அதைத் தடுக்காமல் சொல்ல அவளுக்கே ஒரு வாரம் பிடித்தது. ஜனங்கள் பாதியில் வெட்டி 'இணைப்பு' என்று கூப்பிட்டார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. நம்மவர் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை உண்டோ அத்தனையிலும் அவள் கால் பட்டிருந்தது. காலையில் ஒரு வீட்டில் கேட்டது சாயங்காலம் இன்னொரு வீட்டில் இருக்கும்.

தையல்காரம்மாவுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் நடந்தபோது, மையம் அவளைக் கவனித்துக்கொள்ள முன்வந்தது. தனியாக இருப்பவள். ஒரு அறையும் சமையலறையும் கொண்ட வீடு. ஜன்னலோரம் காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின், அதைச் சுற்றிக் காஜா எடுக்காத சட்டைகள், நூல் வெட்டுகள், ஊசி குத்திவைத்த தலையணை. மெஷினை மிதிப்பது வலது கால்தான். முட்டி தேய்ந்ததற்கும் அதுதான் காரணம், முட்டி குணமாக வேண்டியதற்கும் அதுதான் காரணம்.

வெளியூரில் இருந்த மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த செக்கப்ல முட்டி ஒழுங்கா மடங்கலைன்னா அப்புறம் பேச்சே கிடையாதும்மா. என் வீட்டுக்கு வந்துடணும். மெஷினை யாருக்காவது கொடுத்துடலாம்."

"மெஷினைக் கொடுத்துட்டு அங்க வந்து நான் என்ன பண்றது?"

"சும்மா இரு."

"அது எனக்குத் தெரியாதே."

டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், மீதி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். குனியக் கூடாது, குந்தக் கூடாது, துடைப்பம் பக்கமே போகக் கூடாது. அதற்குத்தான் மையம் ஆள் அனுப்பியது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இணைப்பு வருவாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே தையல்காரம்மா எழுந்துவிட்டாள்.

வீட்டை ஒரு பார்வை பார்த்தாள். தொட்டியில் நேற்றைய பாத்திரம். தரை முழுக்க நூல். குளியலறையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. இதையெல்லாம் இணைப்பு பார்த்தால் என்ன ஆகும்? 'ஊருக்கெல்லாம் துணி தச்சுத் தர்றா, வீட்டைப் பாத்தா குப்பைத்தொட்டி' என்று ஒரு பேச்சு கிளம்பும். அவள் கடைத்தெருவுக்குப் போகும் முன்பே அந்தப் பேச்சு அங்கே போய்க் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்.

ஊன்றுகோலை ஒரு கையிலும் துடைப்பத்தை இன்னொரு கையிலும் பிடித்துக் கூட்டினாள். ஒற்றைக் காலில் நின்று பாத்திரம் தேய்த்தாள். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கூடாது என்று சொன்ன அத்தனையும் செய்தாள். ஒன்பதே முக்காலுக்கு டீத்தண்ணீர் அடுப்பில் ஏறியது.

இணைப்பு வந்து பார்த்து அசந்துபோனாள்.

"என்னக்கா, செய்றதுக்கு ஒண்ணுமே இல்லையே?"

"ஒத்த ஆளு, என்ன பெரிய குப்பை விழப்போகுது? நீ உக்காரு. டீ குடி."

"அடுத்த தெருவுல ஒரு வீட்டுக்குப் போறேன், உள்ள நுழைஞ்சா செருப்பைக் கழட்டவே மனசு வராது. பேரு சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

"அதான், மாடிப்படிக்குப் பக்கத்து வீடு."

தையல்காரம்மாவுக்கு அந்த வீடு யாருடையது என்று தெரியும். அங்கே போய் நம் வீட்டைப் பற்றி இவள் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். இணைப்பு பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டாள், நாட்டு நடப்பு பேசினாள், சுத்தமாக இருந்த மேசையை மரியாதைக்கு ஒரு தடவை துடைத்தாள், கிளம்பினாள். மையத்தில் போய், "வீடு கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்று சொன்னாள். சேவையின் பலன் இத்தனை சீக்கிரம் கண்ணுக்குத் தெரிந்ததில் இயக்குநர் பூரித்துப்போனார்.

முட்டி மட்டும் பூரிக்கவில்லை, வீங்கியது.

மையத்துக்கு வியாழக்கிழமைதோறும் பயிற்சி கொடுக்க வரும் பிசியோகாரம்மா முட்டியைத் தொட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"சூடா இருக்கே. வீட்ல வேலை ஏதும் செய்றீங்களா?"

"வேலைக்குத்தான் ஆள் வருதே" என்றாள் தையல்காரம்மா. பொய் இல்லை.

விஷயம் இயக்குநரிடம் போனது. அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். உதவி போதவில்லை என்று முடிவுக்கு வந்தார். இணைப்பு இனி வாரம் மூன்று நாள் போகட்டும் என்றார்.

ஆகவே தையல்காரம்மா வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் எழுந்து கூட்டித் துடைத்தாள். நடுவில் வரும் நாட்களில் களைத்துப் படுத்திருந்தாள்.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. இந்த வீட்டையே முன்மாதிரியாகக் காட்டலாம் என்று எண்ணி, போட்டோ எடுக்க ஒருவரை அழைத்துக்கொண்டு இயக்குநரே வருவதாகச் சொல்லியனுப்பினார். முந்தின நாள் தையல்காரம்மா திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். ஸ்டூல் மேல் ஏறி மாட்டும்போது கால் ஒரு மாதிரி பிசகியது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டி முடித்தாள். போட்டோவில் இயக்குநர் சிரிக்கிறார், இணைப்பு சிரிக்கிறாள், திரைச்சீலை பளிச்சென்று இருக்கிறது. தையல்காரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பார்க்கிறவர்களுக்குப் பணிவு மாதிரி தெரியும்.

செக்கப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லை. முட்டி குழந்தையின் தலையணை அளவுக்கு இருந்தது. மகள் போனில், "பெட்டி கொண்டு வர்றேன், உன் துணியெல்லாம் எடுத்து வை" என்றாள். அன்று தையல்காரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து, மிதிபலகையில் காலை வைத்துப் பார்த்தாள். கால் பாதி வழியிலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து இணைப்புக்குக் காய்ச்சல் வந்தது. மையத்தில் மாற்று ஆள் கிடையாது. வேறொரு நிறுவனத்திடம் கேட்டதில் ஒருவனை அனுப்புவதாகச் சொன்னார்கள். இயக்குநர் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. இந்த வாரம் வெளியாள் ஒருத்தர்தான் வருவார். நம்ம பாஷை தெரியாது. நம்ம பழக்கவழக்கம் எதுவும் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"அவருக்கு நம்ம ஆளுங்க யாரையாவது தெரியுமா?"

"ஒருத்தரையும் தெரியாதும்மா, அதான் வருத்தம்."

"வரச் சொல்லுங்க" என்றாள் தையல்காரம்மா.

மறுநாள் அவன் கதவைத் தட்டியபோதுதான் அவள் கண்விழித்தாள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான், அவ்வளவு நெட்டை. தொட்டியில் பாத்திரம் இருந்தது. தரையில் நூல் இருந்தது. அவனைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள். இவன் போய் யாரிடம் சொல்லப்போகிறான்? சொன்னாலும் எந்த பாஷையில் சொல்வான்? கேட்கிறவன் யாராக இருந்தாலும் அவனுக்கு மாடிப்படிக்குப் பக்கத்து வீடு எது என்று தெரியப்போவதில்லை.

காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துச் சாய்ந்துகொண்டாள். விரலை நீட்டினாள். அவன் கூட்டினான். இன்னொரு பக்கம் நீட்டினாள். அங்கேயும் கூட்டினான்.

"கட்டிலுக்கு அடியில, தம்பி. இன்னும் உள்ள. வெக்கப்படாத, எனக்கே அங்க என்ன இருக்குன்னு தெரியாது."

ஒரு சொல்லும் புரியாமல் அவன் தலையாட்டிவிட்டு உள்ளே புகுந்தான். காணாமல்போன கத்தரிக்கோல் ஒன்றுடன் வெளியே வந்தான். டீ போட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் அவனே இரண்டு பேருக்கும் போட்டுக் கொண்டுவந்தான். சுமாராக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் கிடைத்த டீயைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த வியாழக்கிழமை பிசியோகாரம்மா முட்டியை அழுத்திப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"வீக்கம் இறங்கியிருக்கே. இந்த வாரம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அதையே பண்ணுங்க."

அவள் வரவேற்பறைக்கு வந்ததும், இயக்குநர் மலர்ந்த முகத்தோடு வந்து கையிலிருந்த டீக் கோப்பையை அங்கிருந்த மேசையில் வைத்தார். "நல்ல சேதிம்மா. இணைப்புக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. நாளையிலிருந்து பழையபடி நம்மவங்களே வருவாங்க." அவருக்குப் பின்னால் இணைப்பு கம்பளிச் சட்டையோடு நின்று சிரித்தாள்.

தையல்காரம்மா கணக்குப் போட்டாள். பழையபடி என்றால் விடிகாலை, துடைப்பம், ஒற்றைக் கால், மகளின் பெட்டி.

"சார், அந்த நெட்டைத் தம்பியே வரட்டுமே."

கோப்பை நகர்ந்தது. அவர் பிடிக்க மறந்தார்.

"ஏம்மா, இணைப்பு ஏதாவது தப்பா நடந்துக்கிட்டாளா?"

"சேச்சே, தங்கமான பொண்ணு. அந்தத் தம்பி உயரமா இருக்கான், ஒட்டடை அடிக்கத் தோதா இருக்கு. அதான்."

"அவ்வளவுதானே? நம்மவங்கள்லயே உயரமான ஆளாப் பாக்கிறேன்."

பார்த்தாலும் பார்ப்பார். தையல்காரம்மா சுற்றிலும் பார்த்தாள். வரவேற்பறையில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. எல்லார் உடம்பிலும் அவள் தைத்த துணி ஏதாவது ஒன்று இருந்தது. இத்தனை வருஷமாக அந்த ஊசிமுனையில் கட்டிக் காத்த பெயர். அது ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம்.

"என் வீடு குப்பை, சார்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

இணைப்பைக் கைகாட்டினாள்.

"இவ வர்ற அன்னைக்கு மட்டும்தான் சுத்தம். விடியறதுக்குள்ள எழுந்து நொண்டிக்கிட்டே நானே எல்லாம் பண்ணி வச்சேன். பாத்துட்டு நாலு பேர்கிட்ட என்ன சொல்வாளோன்னு. அந்தத் தம்பி முன்னாடி எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. அவனுக்கு நான் யாரோ."

இணைப்புக்கு முகம் சிவந்தது. "நான் எங்கக்கா போய்ச் சொன்னேன்? மூணாவது மாடி வீட்டு அடுப்பைத் தொட்டா கை ஒட்டிக்கும். அதைக்கூட நான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

"இப்ப சொன்னியே."

வரவேற்பறையில் மூன்றாவது மாடிக்காரர் செய்தித்தாளைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

இயக்குநருக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. அவர் வீட்டுக்கும் வாரம் ஒருமுறை கூட்டித் துடைக்க நம்மவர் பெண் ஒருத்தி வருவாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலமெல்லாம் அவர் மனைவி கையில் துடைப்பத்தோடு அலைவாள். 'காலை மேல தூக்குங்க' என்பாள். அவரும் எத்தனையோ வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்தார். மனைவிக்குச் சுத்தத்தில் ஆசை அதிகம் என்று நினைத்திருந்தார். அந்தக் கேள்வி பரீட்சையில் வரவில்லை.

"தம்பியே வரட்டும்" என்றார்.

செக்கப் நாளில் மகள் காலிப் பெட்டியோடு வந்து நின்றாள். டாக்டர் காலை மெதுவாக மடக்கினார். மடங்கியது. இன்னும் கொஞ்சம் மடக்கினார். அதற்கும் மடங்கியது. சில நாள் கழித்து மகள் ஊர் திரும்பும்போது, பெட்டி நிறைய அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மா தைத்துக்கொடுத்த துணி இருந்தது.

மையம் இதை இப்படியே விட்டுவிடவில்லை. 'பண்பாட்டு இடைவெளித் தேர்ச்சி' என்று இயக்குநர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, கூட்டம் போட்டுப் பேசினார். நம்மவரிடம் நம்மவருக்கு இருக்கும் கூச்சத்தை உணர நம்மவரால்தான் முடியும் என்று அவர் முடித்தபோது கைதட்டல் எழுந்தது. பக்கத்தில் இரண்டாவது சான்றிதழ் ஏறியது. தம்பிக்குப் பதிலாக இணைப்பை அந்த நிறுவனம் பார்க்கும் வெளியாட்களின் வீடுகளுக்கு மாற்றினார்கள். "அங்க நெஜமாவே வேலை செய்யச் சொல்றாங்கக்கா" என்று அவள் கடைத்தெருவில் தையல்காரம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்.

நெட்டைத் தம்பி தொடர்ந்து வந்தான். நல்ல பையன். அவனை இன்னும் நல்லவனாக்க வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. சாயங்கால வகுப்பில் சேர்த்து நம் பாஷையைக் கற்றுக்கொடுத்தார்.

அன்று தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி அடித்துக்கொண்டிருந்தாள். மிதிபலகை தாளம் போல ஓடியது. கதவு திறந்தது. நெட்டை குனிந்து நுழைந்து, கைகூப்பி, மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் ஒப்பித்தான்.

"வணக்கம் அம்மா. நல்லா இருக்கீங்களா? மாடிப்படிப் பக்கத்து வீட்டு அம்மா உங்களை விசாரிச்சாங்க."

மெஷின் நின்றது.

தையல்காரம்மா தொட்டியைப் பார்த்தாள். ராத்திரி சாப்பிட்ட தட்டு அப்படியே இருந்தது. தரையெல்லாம் நூல்.

"உக்காரு தம்பி" என்றாள். "ஒரு நிமிஷம். டீ போடறேன்."

எழுந்துபோய், அவன் கண்ணில் படும் முன் நூலைப் பொறுக்கிவிடலாம் என்று குனிந்து குந்தினாள். முட்டி அருமையாக மடங்கியது.