ஐந்து மணிக்கு முன்னால்

ஆக்சிஜன் மூடியை அப்பாவின் முகத்தில் பொருத்தி, வாரை இழுத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, மாமா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நோயாளியைப் பார்ப்பார்கள். இந்த மனிதருக்குக் கடிகாரத்தின் மேல்தான் கண்.

"மணி நாலாகப் போகுது" என்றார், யாரும் கேட்காமலே.

மாமா அம்மாவின் தம்பி, குடிநீர் அலுவலகத்தில் பியூன். அதே அலுவலகத்தில்தான் அப்பாவுக்கும் வேலை. ஆனால் நாற்காலி இல்லாத வேலை. நீளக் கம்பியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், குழிக்குள் இருக்கும் வால்வைத் திருகித் தண்ணீர் விட வேண்டும். இன்றோடு அது முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடினால் அப்பா ஓய்வு பெற்றவர். அதற்குள் செத்துவிட்டால் பணியில் இருந்தபோது செத்தவர். அப்படிச் செத்தவர் வீட்டில் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒருவர் இவள்தான், வேறு யார்? அம்மாவுக்குக் கையெழுத்துகூடப் போட வராது.

சின்ன வயதிலிருந்தே இவளுக்குப் பூச்சிப் பைத்தியம். பள்ளி முடித்ததும் பூச்சியைப் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "வண்டு பிடிக்கிறவளுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? கம்ப்யூட்டர் படி" என்றார் அப்பா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு அவரே இறங்கிவந்தார். தண்ணீர் விடப்போன வீடுகளிலெல்லாம் விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வேளாண்மை படிப்பது, உள்ளே போனபின் பூச்சியைத் தனியாக எடுத்துக்கொள்வது. படிப்பும் பிடித்த மாதிரி, வேலையும் உண்டு. "பூச்சிக்கும் ஆச்சு, சோத்துக்கும் ஆச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் திறக்கிறார்கள்.

அதற்குள் நுரையீரல் காலைவாரிவிட்டது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய வேலை கெட்டுப்போகக் கூடாதே என்று, விடியற்காலையில் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு இவளே போய் வால்வு திறந்தாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள். அதிலும் ஒரு லாபம் இருந்தது. தெருமுனைக் குழியில், வால்வின் தலைமேல், ஒரு வண்டு குடியிருந்தது. கறுப்பு முதுகு, அதில் துருநிறத்தில் ஒரு வளையம். அவள் புரட்டிய எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. கல்லூரிக்குப் போய் வாத்தியாரிடம் கேட்க வேண்டும் என்று, தினமும் அதை ஒரு குச்சியால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் திருகுவாள்.

"அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத" என்றார் மாமா. ரகசியம் பேசுகிற குரல்தான், ஆனால் அறை முழுக்கக் கேட்டது. "போற உசுரு எப்படியும் போகப்போகுது. அஞ்சுக்கு முன்னாடின்னா பொண்ணுக்கு ஆயுசுக்கும் வேல. உடனே சேந்துடணும், அவ்வளவுதான். அஞ்சைத் தாண்டிட்டா ஒண்ணும் கிடையாது."

"சும்மா இருடா" என்றாள் அம்மா. அதில் கோபம் இல்லை.

மகள் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள். எப்படியாவது ஐந்தைத் தாண்டிவிடுங்கள் அப்பா என்று மனதுக்குள் கெஞ்சினாள். அப்பா வேண்டும் என்றா, காலேஜ் வேண்டும் என்றா? அவளுக்கே தெரியவில்லை.

அப்பா கண் திறந்திருந்தார். எப்போது திறந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கை மெல்ல மேலே வந்து மூடியை இழுத்துக் கழுத்துக்குத் தள்ளியது.

"கைய எடுங்கப்பா." திரும்ப மாட்டினாள்.

மறுபடியும் தள்ளினார். "நல்ல வேல கண்ணு" என்றார். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. "விட்டுடாத."

"காலேஜ் திறக்கப்போகுதுப்பா. நீங்கதானே சொன்னீங்க, ரெண்டும் ஆச்சுன்னு."

"பூச்சிய அப்புறம் பாத்துக்கலாம்."

மாட்டினாள். மூன்றாவது தடவையும் அவர் தள்ளினார். அவள் கை மூடியைத் தொடுவதற்குள் யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். அம்மா. தானே மாட்டிவிடத்தான் வருகிறாள் என்று ஒரு கணம் நினைத்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த அப்பாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா."

"இருடி" என்றாள் அம்மா. "கொஞ்சம் இரு."

வால்வு திருகித் திருகி உரமேறிய கை அவளுடையது. உதறியிருக்கலாம். மாமா செருப்புகூடப் போடாமல் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். இத்தனை நாள் நோயில் ஒருநாளும் அவருக்கு இந்த அவசரம் வந்ததில்லை.

டாக்டர் வந்து பார்த்து, உயிர் போன நேரத்தை எழுதிக் கொடுத்தார். ஐந்துக்கு முன்னால்தான். மாமா அதை வாங்கிப் படித்துவிட்டு, அதன்பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

காலையில் கூடம் நிறைய ஆட்கள். வாசலில் தெருப்பெண்கள் காலி வாளிகளோடு நின்றார்கள். துக்கம் கேட்க வாளி எதற்கு என்று அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

அப்பாவின் சூப்பர்வைசர் உடலைப் பார்த்துவிட்டு மாமாவின் பக்கம் வந்தார். "ஒண்ணும் கவலப்படாதீங்க. வாரிசு வேலைன்னா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. இதுக்குக் கேக்க என்ன இருக்கு? இந்தப் பொண்ணுதானே இத்தனை நாளா திறந்துட்டிருந்துச்சு. தெரிஞ்சுதான் விட்டுவெச்சோம். நல்லாத் திறக்குது."

வாளிக்காரி ஒருத்தி அவள் காதருகே குனிந்தாள். "மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கும். புள்ளைங்க முகம்கூடக் கழுவல."

அம்மா உடலருகே இருந்து தலையைத் தூக்கினாள். "போய்த் திறந்துட்டு வந்துடு" என்றாள்.

கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த கம்பியை எடுத்துத் தோளில் வைத்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. தெருமுனையில் மூடியைப் புரட்டிக் குழிக்குள் பார்த்தாள். வால்வின் தலைமேல் வண்டு உட்கார்ந்திருந்தது. துருநிற வளையம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. குச்சி பக்கத்திலேயே கிடந்தது.

கம்பியை அதன் மேலேயே இறக்கித் திருகினாள். குழாய்க்குள் காற்று சீறிற்று. பிறகு தெருக்கோடியில் யாருடைய வாளியிலோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.