எதிர்க்காற்றில் அறுபத்திரண்டு நிமிடம்

அந்த விமான நிலையத்தில் பயணிகளையும் எடை போடுவார்கள். ஒன்பது பேர் அமரும் சின்ன விமானம். பெட்டியோடு ஆளும் தராசில் ஏற வேண்டும். எடையைக் குறித்துக்கொள்வது சின்னவளின் வேலை. அன்று காலையிலிருந்தே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா மூன்று மாதமாக மலைக்கு அந்தப் பக்கம், துறைமுக ஊரில் இருக்கிறாள். அத்தானோடு பேச்சு இல்லை. நாளைக் காலை ஆறு மணிக் கப்பலில் இரண்டு வருட வேலைக்குக் கிளம்புகிறாள். அவர் நேரில் வந்தால் பேசலாம் என்று நேற்றுதான் மனம் இறங்கியிருந்தாள். வாரத்துக்கு இரண்டே விமானம். இன்று விட்டால் மூன்று நாள்.

ஒன்பதாவதாக, கடைசி ஆளாக, அத்தான் வந்து சேர்ந்தார். தோளில் அக்காவின் தையல் மிஷின்.

"இவ்வளவு நேரமா அத்தான்?"

"துடைச்சு எண்ணெய் போட்டேன். நீதானே சொன்னே, நாப்பத்தெட்டு நிமிஷம்தான், மெதுவா வாங்கன்னு."

சொன்னாள்தான். இருநூற்றைம்பது கிலோமீட்டர், நாற்பத்தெட்டு நிமிடம் என்று சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. அது காற்றில்லாத நாளின் கணக்கு. மதியத்துக்கு மேல் காற்று திரும்பும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆள் எழுபத்தொன்பது. மிஷின் பதினெட்டு. எழுதி முடிப்பதற்குள் விமானி வந்துவிட்டார்.

"எதிர்க்காத்தும்மா. அறுபத்திரண்டு நிமிஷம் பிடிக்கும். அம்பது கிலோ எரிபொருள் கூட ஏத்தணும், ஒரு ஆளை இறக்கிடு. சீக்கிரம். அங்க ஓடுபாதையில விளக்கு கிடையாது."

கடைசியாகத் தராசில் ஏறியவர்தான் இறங்க வேண்டும். அவள் பேனா எட்டாவது வரியில் தயங்கியது. அது வீங்கிய கன்னத்தோடு பல் பிடுங்கப் போகிறவர். உயிர் போகுது என்று தராசிலேயே புலம்பியவர். ஒன்பதாவது வரியை அடித்தாள்.

அத்தான் மிஷினை மட்டும் மறுபடி தராசில் வைத்தார். "நான் இறங்கினா எழுபத்தொன்பது குறையுது. உனக்கு அம்பது போதும். மிஷின் போகலாமில்ல?"

"போகலாம்."

நான்கு மணிக்கு விமானம் மேலே ஏறியது. அதே நேரம் அத்தான் மலையைச் சுற்றிப் போகும் ஒரு லாரியில் ஏறினார். பதினைந்து மணி நேரப் பாதை. சின்னவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்ததை மறந்து மறுபடி பார்த்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

ஐந்தே காலுக்கு போன் வந்தது.

"ஏண்டி, ஆளை வரச்சொன்னா மிஷினை அனுப்பியிருக்கீங்க?"

"தப்பு என்னோடதுக்கா. மெதுவா வாங்கன்னு நான்தான் சொன்னேன். எடை கூடிப்போச்சு, அவரை இறக்கிட்டேன். லாரியில கிளம்பிட்டாரு."

"எப்ப வருவாரு?"

காலையில அஞ்சரைக்கு வந்துடுவாரு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெதுவா வாங்க என்று ஒரு கணக்கைச் சொல்லிக் கெடுத்தது போதும்.

"ஏழு ஆகும்க்கா."

"கப்பல் ஆறுக்கு."

"தெரியும்."

அக்கா மிஷின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் சத்தம் கேட்டது. எண்ணெய் போட்டதில் கிறீச்சென்ற ஒலி மட்டும் இல்லை.

"இதைத் தூக்கிக்கிட்டு நான் எப்படிடி கப்பல் ஏறுவேன்? என்னமா கனக்குது!"

"பதினெட்டு கிலோ."

"சரி. ஏழுன்னா ஏழுதானே? மறுபடி மாத்த மாட்டியே?"