சொல்லிக்கொண்டு போனவன்

செத்த பிறகும் ஒழுங்காக வேலைக்குப் போன ஆள் ராயபுரத்தில் ஒருவன்தான். அவன் பெயர் ராசையா. கொக்கி ராசையா என்றால் பாரிமுனைவரை தெரியும்.

உயிரோடு இருந்த காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். கையிலிருக்கும் இரும்புக் கொக்கியால் மூட்டையை இழுப்பான். வாய்த்தகராறு முற்றினால் அதே கொக்கியால் ஆளையும் இழுப்பான். நல்லவன் என்று அவனுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. பெண்டாட்டி வியாகுலம்மாள்கூட, "எங்கூட்டு ஆளு கெட்டவரு இல்ல, முன்கோவி" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வாள். யுத்தம் முடிந்த வருஷம், மூட்டைக்கட்டைத் தூக்கிய கயிறு அறுந்து அத்தனையும் அவன் தலைமேல் விழுந்தது. கயிறு இற்றுப்போயிருந்தது கங்காணி லட்சுமணனுக்கு முன்பே தெரியும். மாற்றச் சோம்பல். ராசையா கண்ணைத் திறந்தபோது நரகத்தில் படுத்திருந்தான்.

அது எந்த வேதத்து நரகம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அதெல்லாம் பார்ப்பதில்லை. துறைமுகம் மாதிரியேதான் இருந்தது: பெரிய பெரிய கிடங்குகள், புகை, கத்தல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மேஸ்திரி. கோட்டும் தலைப்பாகையும் கக்கத்தில் குடையுமாக இருந்த அந்த மேஸ்திரி, ராசையாவின் தோளையும் முறைப்பையும் பார்த்து, இவனை உலையில் போட்டு வீணாக்குவானேன் என்று வேலைக்கு வைத்துக்கொண்டான். மேலே போய், காலம் முடிந்த அயோக்கியர்களை இழுத்து வரவேண்டும். அதற்காகக் கொக்கியைப் பழுக்கக் காய்ச்சி அவன் வலது கையோடு ஒட்டவைத்தார்கள்.

அன்றுமுதல் வடசென்னைக்கு ஒரு பேய் கிடைத்தது. மழைக்குப் போடுவதுபோல் கோணியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சுவருக்குள் புகுந்து வருவான். கலப்படக்காரன், பெண்களை அடிக்கிறவன், கூலியில் கைவைக்கிறவன் எல்லாரும் அவன் பெயரைக் கேட்டாலே வேட்டியை இறுக்கிக் கட்டினார்கள். கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் படக்கதைப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, யாரோ கிடங்குச் சுவரில் கட்டம் கட்டமாக அவன் கதையைக் கரியால் வரைந்திருந்தார்கள். ராசையாவுக்கு அதில் பெருமைதான். மூக்கைத்தான் கோணலாகப் போட்டுவிட்டார்கள் என்று குறை.

ஆனால் அந்தப் பெருமையெல்லாம் தெருமுனையோடு சரி. முதல் தடவை மேலே வந்தபோது ஆசையாக வீட்டுக்குத்தான் ஓடினான். வாசற்காலைப் பிடித்தான், பிடித்த இடம் கரியாகிப் புகைந்தது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே பின்வாங்கினவன்தான், பிறகு ஒருநாளும் படியேறவில்லை. தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நின்று வீட்டைப் பார்ப்பான், போய்விடுவான். வருஷக்கணக்காக இதுதான் அவன் குடும்ப வாழ்க்கை. கல் நெஞ்சுக்காரனும் அழுதுவிடுவான். ராசையா அழமாட்டான், கண்ணீர் கன்னத்துக்கு வருமுன் ஆவியாகிவிடும்.

இதை மேஸ்திரி கவனித்து வைத்திருந்தான். ஒருநாள் உலையடியில் அவனைக் கூப்பிட்டான். மேஸ்திரி பேசுவதெல்லாம் பாடப்புத்தகத் தமிழ்.

"ராசையா, வீட்டு ஞாபகமா?"

"கீது. அதுக்கு இன்னா இப்போ?"

"போகலாமே. கை ஆறிவிடும், மனிதனாகவே போகலாம். ஆனால் உன் இடம் காலியாக இருக்கக்கூடாது. மேலே யாராவது ஒருவர், எவரும் வற்புறுத்தாமல், உன் முகத்தைப் பார்த்து 'வருகிறேன்' என்று சொல்லவேண்டும். சொன்னவர் இங்கே வருவார். நீ அங்கே போவாய்."

ராசையாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "நரகத்துக்கு வரேன்னு எவனாவது சொல்வானா?"

"நரகம் என்று சொல்ல வேண்டியதில்லை. 'வரேன்' என்ற சொல் போதும்."

சொல்லிவிட்டு மேஸ்திரி குடையைத் தட்டினான். ராசையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் எவன் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறான்? கடைக்குப் போகிறவனும் 'வரேன்', கல்யாணத்திலிருந்து கிளம்புகிறவனும் 'வரேன்'. எதிரில் நின்று நாலு வார்த்தை பேசினால் போதும், அஞ்சாவது வார்த்தையாக அது தானே வந்து விழும். வியாகுலத்தின் கையைப் பிடிக்கலாம். வாசற்படி ஏறலாம். ஒரே ஒரு ஆள்.

"கெட்டவனாப் பாத்துப் புடிக்கிறேன்" என்றான்.

"உன் விருப்பம்" என்றான் மேஸ்திரி.

கெட்டவன் யார் என்பதில் ராசையாவுக்கு யோசனையே இல்லை. நேராகக் கங்காணி லட்சுமணனிடம் போனான். லட்சுமணன் கிடங்கு நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ராசையா கோணியை விலக்கி, முடிந்தவரை மரியாதையாக, "இன்னாண்ணா, சௌக்கியமா?" என்றான். லட்சுமணன் வெற்றிலையை அப்படியே துப்பிவிட்டு, செருப்பை விட்டுவிட்டு, காசிமேடு பக்கமாகப் பாய்ந்தான். ஓடுகிறவன் எங்கேயாவது சொல்லிக்கொண்டு ஓடுவானா? ராசையா அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மனம் ஆறாமல் தண்டையார்பேட்டைக்கு நடந்தான். அங்கே தாவூது டீக்கடை வைத்திருந்தான். உயிரோடிருந்தபோது பழகிய தோஸ்து. செத்தபிறகும் முகம் சுளிக்காத ஒரே தோஸ்து. ராசையா கையில் கிளாஸைக் கொடுத்தால் டீ மறுபடி கொதிக்கும், "அடுப்பு மிச்சம் மாமு" என்று சிரிப்பான். அன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தாவூது தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"சரி மாமு, நான்..."

அந்த வாயைப் பார்த்தபோது ராசையாவுக்கு வீடு தெரிந்தது. வாசற்படி தெரிந்தது. இன்னும் ஒரு சொல், அவ்வளவுதான். அவன் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"சொல்லாத!" என்று கத்தினான். "வாய மூடிக்கினு போடா, கஸ்மாலம்!"

தாவூதுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல், கோபத்தோடு திரும்பிப் பார்க்காமல் போனான். சினேகிதன் கோபித்துக்கொண்டு போனதில் ராசையாவுக்கு வந்த சந்தோஷம்போல் வாழ்நாளில் வந்ததில்லை. இந்தக் கருமாந்திரப் பேரமே வேண்டாம், கீழே போய் மேஸ்திரி மூஞ்சியில் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு கட்டினான். கட்டியதும் தலைச்சுமை இறங்கியதுபோல் இருந்தது.

போகுமுன் ஒருதடவை வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் மறுநாள் விடியற்காலையில் கம்பத்தடியில் வந்து நின்றான். அங்கேதான் வினை.

அன்றைக்கு அவன் மகள் ரோஸ்மேரிக்குத் திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் முதல் நாள் வேலை. வளர்ந்த பெண்ணாகிவிட்டாள். கஞ்சிபோட்ட தாவணியும் கையில் தூக்குச்சட்டியுமாகப் படியிறங்கினாள். கம்பத்தடியில் நிற்பது யார் என்று அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்; அம்மா ஒளிக்கவில்லை. ஆனால் ஒருநாளும் பேசியதில்லை. முதல் நாள் வேலைக்குப் போகிறவள் பெற்றவனிடம் சொல்லிக்கொள்ளாமல் போகலாமா என்று தோன்றியிருக்க வேண்டும். வாசலில் நின்றபடியே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நைனா, நான் வரேன்."

நைனா! அந்த ஒரு சொல்லில் ராசையா அப்படியே குளிர்ந்துபோனான். தலையை ஆட்டினான். அவள் சிரித்துக்கொண்டே தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் மறைந்த பிறகுதான் மிச்சச் சொல் அவன் காதில் விழுந்தது.

"மிகவும் தெளிவாகச் சொன்னாள்" என்றது பக்கத்தில் ஒரு குரல். மேஸ்திரி குடையோடு நின்றுகொண்டிருந்தான்.

"வாணாம்! எனக்கு இந்தப் பேரம் வாணாம்னு நேத்தே முடிவு பண்ட்டேன்!"

"உன் மனசுக்குள் முடிவு செய்தால் எனக்கு எப்படித் தெரியும்?"

ராசையா கொக்கியை ஓங்கினான். அது மேஸ்திரியை ஒன்றும் செய்யவில்லை. அதைக் காய்ச்சி ஒட்டவைத்ததே அவன் உலைதானே. ராசையா போட்ட கூச்சலில் மீன் கழுவிக்கொண்டிருந்த வியாகுலம்மாள் கையெல்லாம் செதிளோடு வாசலுக்கு வந்தாள்.

"காலங்காத்தால இன்னா பேஜாரு இது?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். உலையடியில் பேசிய பேச்சு, லட்சுமணன், தாவூது, இப்போது ரோஸ்மேரி. அவள் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"புத்தி கீதா உனுக்கு? வூட்டுக்கு வரணும்னு ஆசைன்னா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? பேரம் பேசற மூஞ்சப் பாரு!" என்றவள், மூச்சு வாங்கிக்கொண்டு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். "குந்துங்க."

நரகத்தில் யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை போலிருக்கிறது. தயங்கி உட்கார்ந்தான். "வாயிலிருந்து விழுந்த சொல் விழுந்ததுதான், அம்மா. மாற்ற முடியாது" என்றான்.

"மாத்தவே வாணாம். எங்க வரேன்னு சொன்னா?"

"வருகிறேன் என்றாள்."

"அத்தத்தான் கேக்கறேன். எங்க?"

மேஸ்திரி குடையை மறு கக்கத்துக்கு மாற்றினான்.

"இந்தப் படியில நின்னு வரேன்னா, இந்தப் படிக்கு வரேன்னு அர்த்தம். கப்பலேறிப் போறவனும் அத்தத்தான் சொல்றான். போற எடத்துக்கா வரேன்னு சொல்லுவாங்க? விட்டுட்டுப் போற எடத்துக்குச் சொல்ற வார்த்தைய்யா அது. எம்பொண்ணு வேலமுடிஞ்சு வூட்டுக்கு வருவா. வந்துட்டா சொன்ன சொல்லு தீந்துது."

"வராவிட்டால்?" என்று மேஸ்திரி சிரித்தான்.

மூவரும் காத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. நரகத்து மேஸ்திரிக்கே வேர்த்து, தலைப்பாகையை அவிழ்த்து விசிறிக்கொண்டான். ராசையா கம்பத்துக்கும் தெருவுக்குமாக நடந்தான். தீப்பெட்டிக் கம்பெனி, எங்கு பார்த்தாலும் தீப்பிடிக்கிற மருந்து. வியாகுலம்மாள் சமைக்கவும் இல்லை, அழவும் இல்லை, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

கம்பெனிச் சங்கு ஊதி வெகுநேரம் ஆயிற்று. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ரோஸ்மேரி இல்லை. தெரு காலியாயிற்று. மேஸ்திரி எழுந்து கோட்டைத் தட்டிவிட்டான். எத்தனை பேரை நடுங்கவைத்த ராசையா, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அப்போது தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு ஒரு பெண் முனை திரும்பினாள்.

"அம்மா, வந்துட்டேன்! பச்சையம்மான்னு ஒரு புது தோஸ்து. அதுங்கூட பேசிக்கினே அது வூடு வரைக்கும் போயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள். வியாகுலம்மாள் அவளை இழுத்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். முதுகில் ஒன்று வைத்தாள், உடனே முத்தம் கொடுத்தாள். ராசையா கம்பத்தடியில் அப்படியே குந்திவிட்டான். அப்பாடா என்ற சொல் எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது.

மேஸ்திரி தொண்டையைச் செருமினான். "சரி. பெண் தப்பினாள். பேரம் முறிந்தது. ராசையா, நட."

ராசையா மறுபேச்சில்லாமல் எழுந்தான். பெண் வீட்டில் இருக்கிறாள். அவனுக்கு அது போதும். இரண்டடி எடுத்து வைத்திருப்பான்.

"நில்லுங்க ரெண்டு பேரும்" என்றாள் வியாகுலம்மாள். "ஏன் மேஸ்திரி, விழுந்த சொல்ல மாத்த முடியாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமாம்."

"இந்த ஆளு செத்த அன்னிக்குக் காலைல இதே படியில நின்னு இன்னா சொன்னாரு தெரியுமா? 'வரேன் வியாகுலம்'னு சொன்னாரு. அவரு மறந்திருப்பாரு. நான் மறக்கல. உங்கிட்ட வரதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்ன சொல்லு அது. இன்னும் வந்து சேரல. மொதல்ல எனுக்குச் சொன்னது தீரட்டும். அப்பால உன் வேலையப் பாரு."

மேஸ்திரி யோசித்தான், தலைப்பாகையைக் கட்டினான், மறுபடி அவிழ்த்தான். சொல்லைப் பிடித்துப் பிழைப்பு நடத்துகிறவன் சொல்லில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வான்? குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், வியாகுலம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லை அவசரமாக விழுங்கினான்.

"போகிறேன்" என்றான்.

"போ" என்றாள் அவள்.

ராசையா படியேறினான். வாசற்காலில் பழைய கரித்தழும்புக்குப் பக்கத்தில், பயந்து பயந்து, கையை வைத்தான். மரம் புகையவில்லை. கொக்கி கழன்று படியில் விழுந்து உருண்டது. உள்ளங்கை சில்லென்று, ஈரமாக, சாதாரண மனுஷன் கையாக இருந்தது. அதை வியாகுலம்மாள் செதிள் ஒட்டிய தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷமாக அடக்கிவைத்ததெல்லாம் அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். அழுகைக்கு நடுவிலும் திட்டினாள்.

"வந்துட்டேன் வியாகுலம்" என்றான் ராசையா. அவன் கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடைவரை வந்தது. துடைக்காமல் விட்டான். உயிர் திரும்ப வந்ததா, எப்படி வந்தது என்பதெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அவனுக்குப் பசித்தது.

"இரு, இனிமேதான் மீனு வேவணும்" என்றாள் அவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரோஸு, கதவச் சாத்து."