சிங்களப் பரீட்சை எழுதாதவர்

என் அப்பா முத்துக்குமாருவிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு. கொழும்பில் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவர், சிங்களப் பரீட்சை எழுதினால்தான் வேலை என்று சொன்னதும் ராஜினாமா செய்துவிட்டு, குடும்பத்தோடு கப்பலேறி மலேசியாவுக்கு, இந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துவிட்டார். கல்யாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கதை வரும். "சோத்துக்காக இன்னொருத்தன்ர பாஷையை வாயில வைக்கமாட்டன் எண்டு வந்தவன் நான்" என்று முடிப்பார். சின்ன வயதில் எனக்குப் புல்லரிக்கும். இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

லெனின்கிராடில் படிக்கப் போன என் அண்ணன் விநாயகமூர்த்தி, அங்கேயே ரூத்தா அண்ணியைக் கட்டிக்கொண்டு வந்தான். தெருவே அவளை ரஷ்யாக்காரி என்றது. அவள் ரஷ்யாக்காரி இல்லை, லிதுவேனியாக்காரி. உலக யுத்தத்தில் ரஷ்யர்கள் பிடித்து வைத்துக்கொண்ட நாடு அது. அவள் தாத்தா சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே செத்தார். நல்ல வேலை வேண்டுமென்றால் அங்கே ரஷ்ய மொழி பேசியாக வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் அப்பா, "எல்லாம் ஒண்டுதானே பிள்ளை" என்பார்.

வந்த மாதமே, இந்த வீட்டில் இனி ரஷ்ய மொழி வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு வீரம்மாவோடு பாசாருக்குப் போய்ப் போய்த் தமிழ் படித்தாள். ஒருநாள் அப்பா முன்னால் வந்து நின்று, "மாமா, டீ குடிங்க லா" என்றாள். யாழ்ப்பாணத் தமிழாக வராமல் இந்த ஊர் 'லா'வோடு வருகிறதே என்று அப்பா முகத்தைச் சுளித்தார். டீயை மட்டும் குடித்துவிட்டார். அவளை யாரும் தமிழ் படிக்கச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவள்மேல் உயிர்.

தொண்ணூற்றொன்றில், தைப்பொங்கலுக்கு முதல் நாள், அவள் ஊரான வில்னியூஸில் சுதந்திரம் கேட்டுத் தெருவில் நின்ற சனத்துக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தன. அவள் தம்பி அப்படிப்பட்ட கூட்டத்தில் முன்னால் நிற்பவன். ஊருக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, இரவு முழுக்க அண்ணி போன் பக்கத்திலேயே கிடந்தாள்.

அந்தப் பொங்கலுக்கென்று அண்ணன் ஒரு விருந்தாளியைக் கூப்பிட்டு வைத்திருந்தான். பாமாயில் வாங்கக் கிள்ளானுக்கு வந்த ரஷ்யர், பெயர் வீக்தர். அவர் மனசு வைத்தால் அண்ணனுக்கு ஏஜென்சி கிடைக்கும்.

"நீ ரஷ்யன்ல பேசினா ஆள் குளிர்ந்திடுவாரு. இன்னைக்கு மட்டும் லா" என்று அண்ணன் கெஞ்சினான்.

அண்ணி மாட்டேன் என்றாள். அப்பா எழுந்து வந்தார்.

"வீட்டுக்கு வந்தவரோட நாலு வசனம் கதைச்சா உனக்கென்ன குறைஞ்சு போகும்? இது எங்கட சோறு, பிள்ளை."

"அப்பா, உங்களுக்கும் கொழும்பில இதைத்தானே சொன்னாங்க?" என்றேன் நான்.

"அது வேறை" என்றார்.

விருந்தாளி வந்ததும் அண்ணி எதிரே உட்கார்ந்தாள். பேசினாள். பல வருஷம் பூட்டி வைத்த மொழி தடங்கலில்லாமல் வந்தது. வீக்தர் கெட்ட மனிதர் இல்லை. வடையை ரசித்துத் தின்றார், சந்தோஷத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

அண்ணி வாழையிலையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க நாட்டுக் கடற்கரைக்குத்தான் வருஷா வருஷம் குடும்பத்தோட லீவுக்குப் போவாராம். எங்க பாட்டுன்னா அவருக்கு உயிராம். நாங்க அவங்களுக்குத் தம்பி மாதிரியாம். தம்பி இப்ப கொஞ்சம் அடம் பிடிக்கிறானாம், சரியாயிடுமாம்."

"நல்ல மனுசன்" என்று அப்பா தலையாட்டினார்.

அப்போது போன் அடித்தது. அண்ணி துள்ளி எழுந்தாள்.

"இரு பிள்ளை. விருந்தாளியை வைச்சுக்கொண்டு எழும்பக்கூடாது" என்று அப்பா அதட்டினார். அண்ணன் ஓடிப்போய் எடுத்து, பிறகு கனெக்ட் பண்ணும்படி ஆபரேட்டரிடம் சொல்லி வைத்துவிட்டான்.

பிறகு லைன் கிடைக்கவே இல்லை. கிடைத்தபோது, தம்பியைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

ஏஜென்சி கிடைத்தது. நாசமாய்ப் போன ஏஜென்சி!

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் அண்ணி தமிழ் பேசுவதில்லை. வீரம்மா வீட்டில் என்னோடு பேசுவாள். வாசல்படி ஏறினால் ரஷ்ய மொழிதான். சமைக்கிறாள், துவைக்கிறாள், எந்தக் குறையும் வைப்பதில்லை. சர்க்கரை வியாதியில் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு வாய் தண்ணீருக்கும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வந்து நிற்பாள். ரஷ்ய மொழியில் என்ன வேண்டுமென்று மரியாதையாகக் கேட்பாள். அவர் தமிழில் சொன்னால், மறுபடியும் அதையே கேட்பாள்.

போன வாரம், நான் இப்போது குடியிருக்கும் சுங்கை பூலோவிலிருந்து அவர்களைப் பார்க்கப் போனேன். அப்பா அண்ணனைப் பக்கத்தில் இருத்தி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாய்க்குள் எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது அவருக்கு.

"தண்ணி சரி" என்றார். "சோத்துக்கு என்ன சொல்லுறது?"