இரைப்பைக்குப் பின்னால்

மீசைக்காரர் கறிக்கடையில் கத்தி பிடித்து இருபத்தெட்டு வருஷம். அதுவரை கத்தி ஒருநாளும் அவர் பேச்சை மீறியதில்லை. அன்று காலை பத்து மணிக்கு மீறியது. தொடைக்கறியை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். கத்தி எலும்பில் வழுக்கி நேராக அவர் மேல்வயிற்றில் இறங்கி, இழுத்த வேகத்தில் வெளியேயும் வந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. கல்லாவில் இருந்த மனைவியிடம் கத்தியை நீட்டி, "கழுவிடாதே, அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வா" என்றார்.

அறுவை மருத்துவர் வந்து பார்த்தபோது காயம் சட்டைப் பொத்தான் துளை அளவுதான் இருந்தது. ரத்தமும் அதிகமில்லை. வயிறு மட்டும் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"வலி கிடக்கட்டும் டாக்டரம்மா. கத்தியைப் பாருங்க."

மனைவி கத்தியைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். முனையிலிருந்து நாலு விரற்கடை வரை கறை ஏறியிருந்தது.

"அப்பத்தான் கழுவித் தீட்டின கத்தி. முதல் வெட்டுலேயே வழுக்கிடுச்சு. அதுல இருக்குற ரத்தம் அவ்வளவும் என்னோடது. முதுகைப் பாத்து நேரா போச்சு. எத்தனை வயித்தை அறுத்தவன், எனக்குத் தெரியாதா?"

"இவர் பேச்சைக் கேட்டா அவ்வளவுதான். வீட்டுல குழாய் ஒழுகினாலும் இப்படித்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாரு" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே கத்தியை மருத்துவர் பக்கம் நகர்த்தினாள்.

மருத்துவர் கறையைத் தன் விரல்களால் அளந்துகொண்டார். அரை மணி நேரத்தில் வயிற்றைத் திறந்தாயிற்று.

வயிற்றின் உட்சுவர் முழுக்க வழுவழுப்பான மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். அதே சவ்வுதான் திரும்பி வந்து இரைப்பையையும் குடலையும் சுற்றிக்கொள்கிறது. இரைப்பையின் விளிம்பிலிருந்து கொழுப்புத் திரையாக இறங்கி முன்னால் தொங்குவதும் அதுதான். ஓட்டை விழுந்த இடத்தை அந்தத் திரை தேடிப்போய் அடைத்துக்கொள்ளும். இங்கேயும் இரைப்பையின் முன்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் அதை மெல்ல விலக்கி, அடியில் இருந்த ஓட்டையைத் தைத்தார். குடலைச் சாண் சாணாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பழுதில்லை.

"கழுவிட்டு மூடிடலாமா?" என்றார் கூட நின்ற மருத்துவர்.

"இன்னும் இல்ல. கத்தி நாலு விரல் போயிருக்கு. காலைல வெறும் வயிறு. காலி இரைப்பையில அத்தனை ஆழம் எங்கே இருக்கு? பின்சுவரையும் பாக்கணும்."

"பின்னால இருந்து ஒண்ணும் கசியலையே."

"கசிஞ்சாலும் இங்கே சட்டுனு வராது. இரைப்பைக்குப் பின்னால தனியா ஒரு பை இருக்கு. அதுக்குள்ளேயே தேங்கி நிக்கும்."

இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் நடுவில் திரையைத் திறந்தார். இரைப்பையை மேலே தூக்கியதும் கலங்கலான நீர் பொங்கி வந்தது. பின்சுவரில் இரண்டாவது ஓட்டை. அதற்கும் பின்னால், கணையத்தின் மேல் கிடந்த சவ்வில் ஒரு கீறல். நல்லவேளை, கத்தி அதோடு நின்றிருந்தது.

கூட நின்றவர் நூலை எடுத்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் மீசைக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை மருத்துவர் சொல்லி முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம்.

"பின்னால எப்படிப் போனீங்க? வலப்பக்கம் கல்லீரலுக்குக் கீழே ஒரு வழி இருக்கே, அதுலயா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்டுக்கும் இருக்கு. ஒரு விரல் போகும். பேருதான் தெரியாது."

"அதுல விரல்தான் போகும், தைக்க முடியாது. அதான் முன்னால திரையைத் திறந்தேன்."

மீசைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

"பரீட்சையில உங்களைப் பாஸ் பண்ணி விட்டுட்டாரு" என்றாள் மனைவி. மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். மீசைக்காரரும் சிரிக்கப் போய், தையல் இழுத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் தன் காலால் நடந்து வீடு திரும்பினார். கனமான எதையும் மூன்று மாதம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. கடையைப் பூட்ட மனைவி சம்மதிக்கவில்லை. முன்பக்கம் தடித்த தோலுறை கட்டிக்கொண்டு அவளே வெட்டுமேடையில் நின்றாள். இவரைக் கல்லாவில் உட்காரவைத்தாள். முதல் வாரம் இவர் அங்கிருந்தபடியே யோசனை சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம், ஒரு முழுத் தொடையை அவள் சல்லென்று பிரித்து வைத்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்னைவிட நல்லாத்தான் அறுக்குறே."

"தெரியும்" என்றாள் அவள்.